வேப்பிலை பூசிக்கொண்ட மத்தியானம்

இன்று தேவராஜ மார்க்கெட்டிலிருந்து ஜட்கா வண்டியில் வந்திறங்கிய நாத்தனார் வேப்பிலைக் கொத்தை என் கையில் கொடுத்தாள்.

"அரைச்சு மார்ல பூசிக்கோங்கோ மன்னி. ஒரே நாள்ல குழந்தை பால் மறந்துடுவா."

மகளுக்கு இரண்டரை வயது. நானும் பூசிக்கொண்டேன்.

குழந்தை பச்சையைப் பார்த்தாள். "உவ்வாவாம்மா?" என்று கேட்டு மெல்ல ஊதினாள். தன் ராகிக் கஞ்சித் தம்ளரைக் கொண்டுவந்து, "நீ குடி, சரியாப்போயிடும்" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. நாலைந்து நாளாகவே அவள் மத்தியானத்தில் பால் கேட்கவில்லை. கஞ்சி குடித்துவிட்டு விளையாடப் போய்விடுகிறாள். தானாக விட்டுக்கொண்டிருந்தவளைப் போய் ஏமாற்றியிருக்கிறேன்.

கழுவிக்கொண்டு வந்து பால் குடிக்க நானே கூப்பிட்டேன்.

"வேண்டாம், உனக்கு வலிக்கும்."

பாலை மறக்காதது யாரென்று இப்போது தெரிகிறது. உங்கள் வீட்டில் எப்படி?