அத்திம்பேர் போன கப்பல்

அக்காவின் கணவர், என் அத்திம்பேர், கடற்படையில் இருந்தார் என்றால் எல்லோரும் பீரங்கியைக் கற்பனை செய்துகொள்வார்கள். அவர் இருந்தது சரக்குக் கப்பல். தீவு முகாம்களுக்கு அரிசியும் டீசலும் ஏற்றிக்கொண்டு போகும். அதில் மின்சார வேலை பார்த்தார். அந்தக் கப்பல் ஒரு நாள் காணாமல் போயிற்று. புயல் இல்லை, ஆபத்து என்று தகவல் இல்லை, ஒரு மரத்துண்டுகூட மிதக்கவில்லை. தேடினார்கள், பிறகு தேடுவதை நிறுத்தினார்கள். என்ன ஆயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டுக்கு விசாரிக்க வந்தவர்களுக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது. காவிரியையும் கொள்ளிடத்தையும் தவிர வேறு தண்ணீர் பார்க்காத மனிதர்கள், கூடத்தில் காபி குடித்தபடி கடலை அலசினார்கள்.

"அவ்வளவு பெரிய கப்பல் எப்படிம்மா காணாமப் போகும்?" என்று ஒருவர் அக்காவிடமே கேட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் அவர் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கியிருப்பேன். அக்கா, "தெரியலை மாமா" என்று பொறுமையாகப் பதில் சொன்னாள்.

காரியம் செய்துவிடலாம் என்று அத்திம்பேரின் அப்பா அவ்வப்போது பேச்செடுப்பார். பிள்ளை எங்கோ கதியில்லாமல் தவிக்கிறானே என்பது அவர் கவலை. "போயிட்டார்னு யாராவது பாத்தாளா?" என்று அக்கா கேட்பாள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். நான் அவள் மாமனார் பக்கம்தான். அக்காவுக்கு ஒரு முடிவு வேண்டும், வாசலைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு வயதாகிவிடக் கூடாது என்று நச்சரித்தேன்.

பன்னிரண்டு வருஷம் ஆன பிறகு சடங்கு பண்ணிவைக்கும் வாத்தியாரை வரவழைத்தோம். உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பைப் புல்லால் உருவம் செய்து தகனம் பண்ணலாம் என்றார்.

"பண்ணினப்புறம் அவர் வந்துட்டா?" என்று அக்கா கேட்டாள்.

வாத்தியார் அசரவில்லை. "அதுக்கும் சாஸ்திரம் இருக்கும்மா. புதுசாப் பொறந்தவரா நெனச்சு, ஜாதகர்மத்துலேர்ந்து எல்லாம் திரும்பப் பண்ணணும். கல்யாணம் உள்பட."

"யாரோட?"

"தன் ஆத்துக்காரியோடதான்."

அக்கா, "சரி, பண்ணுங்கோ" என்றாள். மாமனார் அழுதுவிட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

கொள்ளிடக் கரையில் புல் உருவத்தைக் கிடத்தியபோது, ஒதுங்கி நின்ற அக்கா முன்னால் வந்து, "அவர் இன்னும் உயரம்" என்றாள். மாமனார் இன்னும் கொஞ்சம் புல் சேர்த்துக் கட்டினார். தர்ப்பைதானே, எரிந்து முடிய நேரமே ஆகவில்லை.

பத்தாம் நாள் தாலி கழற்றும்போது கொடுக்கும் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைத் தம்பியான நான்தான் கொண்டுபோக வேண்டும். தில்லை நகர் கடையில், "என்ன விசேஷத்துக்குங்க சார் பாக்குறீங்க?" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள். "அக்காவுக்கு" என்று மட்டும் சொன்னேன்.

பத்தாம் நாளன்று அக்கா புடவையை வாங்கிக்கொண்டாள். கழற்றிய தாலியைக் கைக்குட்டையில் முடிந்து என்னிடம் நீட்டினாள்.

"உங்காத்துல பத்திரமா இருக்கட்டும்டா. இங்க இருந்தா யாராவது அழிச்சு வேற நகை பண்ணிடுவா. அவர் வந்தா கட்டறதுக்கு வேணுமே."

அவள் எதற்குச் சரி என்றாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் நெற்றியிலிருந்த பொட்டைப் போக்கினோம், அவ்வளவுதான். அவள் காத்திருப்பதை எங்களால் நிறுத்த முடியவில்லை.