பதினோராயிரம் பாட்டும் ஸ்டாமெனின் கால்களும்

மின்கோ ராய்ச்செவிடம் பதினோராயிரத்து நானூற்று அறுபது பாட்டுகள் இருந்தன. ஆட்டம்தான் வராது.

செவ்லியேவோ நகரின் ஹோரோ ஆட்டக் குழுவுக்குப் பாட்டு போடுகிறவர் அவர். மற்றவர்கள் கைகோத்துச் சங்கிலியாக ஆட, மின்கோ மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார். பார்த்துப் பார்த்தே, காலசைவை வைத்து ஆட்டத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். பாட்டை மட்டும் கேட்டால் எல்லாமே அவருக்கு ஒரே டும்டும்தான். ஏழு தட்டா பதினொன்றா என்று எண்ணத் தொடங்கினால் ஐந்திலேயே விரல் சிக்கிக்கொள்ளும்.

அதனால் பாட்டுகளுக்கு விவரம் குறிக்கும் மென்பொருளில், 'வகை' என்ற கட்டத்தில் ஆட்டத்தின் பெயரைப் போட்டு வைத்திருந்தார்: பிராவோ, ராச்செனிட்சா, கோபனிட்சா. வீட்டுக் கணினியில் மாற்றினால் மடிக்கணினியிலும் தானாக மாறிவிடும். அந்த ஏற்பாட்டில் அவருக்கு ஏகப் பெருமை.

நகர விழா அன்று மதியம், ஆல்பப் படங்கள் பளிச்சென்று தெரியட்டுமே என்று மென்பொருளைப் புதுப்பித்தார். 'விவரங்களை இணையத்தைப் பார்த்துச் சரிசெய்யவா?' என்றது. செய்யேன், யார் வேண்டாம் என்றது என்று ஆமாம் அழுத்திவிட்டுக் குளிக்கப் போனார்.

திரும்பி வந்தால் படங்கள் ஜொலித்தன. வகைக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே சொல்: நாட்டுப்புறம். பதறியடித்து மடிக்கணினியைத் திறந்தார். அண்ணனைப் பார்த்துத் தம்பியும் மொட்டை போட்டுக்கொண்டதுபோல, அங்கேயும் நாட்டுப்புறம்.

சதுக்கத்துக்குப் போனபோது குழுத் தலைவி கெனோவேவா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"மின்கோ, முதல்ல பிராவோ. மேயர் முன்னால நின்னு நடத்துறார். முட்டி ஆபரேஷன் பண்ணின மனுஷன். கோபனிட்சா கீபனிட்சா போட்டு அவரைக் குதிக்க வச்ச, அடுத்த வாரத்துலேர்ந்து என் மருமகன்தான் பாட்டு போடுவான். அவனுக்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம், ஒரு ஃபோன் போதும்."

"சரிக்கா."

"மூஞ்சி ஏன் தயிர் மாதிரி வெளுத்திருக்கு?"

"வெயில்க்கா."

வானம் முழுக்க மேகம்.

அப்போது பனிட்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத்தைக் கடித்துக்கொண்டே வந்தான் டயர் கடை ஸ்டாமென். ஆட்டம் எதற்கும் அவனுக்குப் பெயர் தெரியாது. ஆனால் பாட்டு காதில் விழுந்தால் கால் தன்பாட்டுக்கு ஆடும், அதுவும் சரியாக ஆடும். மைக்கில் பெயர் சொல்லாமல் யாரும் காலெடுக்கக் கூடாது என்பது கெனோவேவாவின் சட்டம். சட்டத்துக்கு அடங்காத கால்கள் அவை என்பதால் ஸ்டாமெனைச் சங்கிலியின் வாலில் தள்ளியிருந்தார்.

"டேய், என் வண்டிக்குப் பின்னால வா. இதைக் காதுல மாட்டு" என்று ஹெட்ஃபோனை நீட்டினார் மின்கோ.

"எதுக்குண்ணே?"

"கேக்காத. யோசிக்காத. நீ யோசிச்சா காரியம் கெட்டுச்சு."

ஸ்டாமென் ஹெட்ஃபோனோடு, பாதி பனிட்சாவோடு, சத்தமில்லாத சந்தில் குதித்தான். அந்தப் பக்கம் போன ஓர் அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார்.

"கோபனிட்சா! வேண்டாம், அடுத்தது... ஐயோ, இதுவும் குதிக்குது... ஆங், வழுக்கிட்டுப் போகுதே, இதான் பிராவோ! நல்லா இருடா!"

விழா தொடங்குவதற்குள் எட்டுப் பாட்டுக்குப் பெயர் கிடைத்தது. மேயர் மிடுக்காக ஆடினார். கெனோவேவா சிரித்தார். எட்டும் தீர்ந்தன. கூட்டம் 'இன்னும், இன்னும்' என்றது. ஸ்டாமெனோ சங்கிலியின் வாலில் கைகோத்து நின்றான்.

மின்கோ குருட்டாம்போக்கில் ஒன்றைத் தட்டிவிட்டு, வாலை மட்டும் பார்த்தார். கால்கள் துடித்தன. "அடுத்து ராச்செனிட்சா!" என்று மைக்கில் முழங்கினார். பொருந்தியது. அடுத்ததும் பொருந்தியது. மின்கோவுக்குத் தலை நிமிர்ந்தது.

இப்படிப் போட்ட நாலாவது பாட்டில் ஸ்டாமெனின் ஷூவுக்குள் கல் புகுந்தது. அவன் ஒற்றைக் காலில் நொண்டியடித்தான்.

"கோபனிட்சா!" என்றார் மின்கோ.

பாட்டோ தாலாட்டுபோல நகரும் பிராவோ. நாற்பது பேர் அதற்கு வெட்டுக்கிளியாகத் துள்ளினார்கள். மேயரும் துள்ளினார். முட்டி தாங்கியது, பெல்ட் தாங்கவில்லை. ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி அவர் சிரிக்க, சதுக்கமே சிரித்தது.

கெனோவேவா மட்டும் சிரிக்காமல் மேசைக்கு வந்தார்.

"பாட்டைக் கேட்டுச் சொல்றியா, ஸ்டாமென் ஷூவைப் பாத்துச் சொல்றியா?"

"ஷூவைப் பாத்துத்தான்க்கா." மின்கோ நடந்ததை எல்லாம் கொட்டினார்.

கெனோவேவா மடிக்கணினியைப் பார்த்தார், ஸ்டாமெனைப் பார்த்தார். "என் மருமகனுக்குக் காலைப் பாத்தாக்கூடத் தெரியாது. கிறிஸ்துமஸ் வரைக்கும் உனக்குத் தவணை. அதுக்குள்ள எல்லாப் பாட்டுக்கும் பெயர் திரும்ப வரணும்."

"ஒத்தையாவாக்கா?"

"அவனையும் கூட்டிக்கோ."

திங்கள்கிழமையிலிருந்து ஸ்டாமென் டயர் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு மின்கோவிடம் வருகிறான். மின்கோவின் வீடு நாலாவது மாடி. கீழ்வீட்டுக்காரர் முதல் நாளே புகார் சொன்னதால், வேலை இப்போது கராஜில் நடக்கிறது.