அடியில் திரிகிற மீன் வேண்டும்

போன வருஷம் மழைக்காலத்தில், தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் நடந்தது இது. என் கணவருக்குத் தோல்பை தைக்கும் கார்கானாவில் வேலை. அங்கே மாடிக்கு ஏறுகிற இரும்பு ஏணி மழையில் நனைந்து கிடந்தது. கால் சறுக்கி விழுந்துவிட்டார். முதுகெலும்பில் அடி. கட்டிலும் மெத்தையும் ஆகாது, கட்டாந்தரையில் ஜமுக்காளம் விரித்து அசையாமல் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் நாளாக ஆகப் பேச்சு நின்றுபோனது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினால், சாப்பாட்டுக்குத்தான் இந்தப் பக்கம் திரும்புவார். முன்பெல்லாம் ஊர்வம்பு அத்தனையும் வீட்டுக்குக் கொண்டுவருகிற மனுஷன்! முதுகு தேறிவிடும், இந்த ஆள் பழையபடி தேறுவாரா என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் கல்யாணுக்குக் குடிபோனார்கள். அவர்களுடைய மீன்தொட்டியை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மணல் பரப்பி, ஒரு மரக்கட்டை போட்டு, பச்சைப் பசேலென்று செடி வளர்த்த தொட்டி. நிறையக் கப்பி மீன்கள். செங்கல்மேல் பலகை போட்டு, அவர் பார்வை படுகிற மாதிரி தாழ்வாக வைத்தேன். ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"மண்ணையும் தண்டையும் எம்புட்டு நேரம்ட்டி பாக்க?" என்றார். மறுபடி சுவர்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தொட்டி நிறைய மீன் இருக்கிறதே! பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்தான் காரணத்தைச் சொன்னாள். கப்பிகள் மேல்தண்ணீரில், இலைகளுக்கு நடுவே திரிகிறவை. தரையில் படுத்திருப்பவருக்கு அடிப்பக்கம் மட்டும்தான் தெரியும். "அடியிலயே இருக்கிற மீன் வாங்குங்க ஆன்ட்டி, சிம்பிள்" என்றாள்.

சிம்பிளாம்! அன்றைக்குப் பிடித்தது எனக்குக் குழப்பம்.

வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்காரர் சக்கர் மீனைக் காட்டினார். பாசியெல்லாம் தின்றுவிடும், "லே ஜாவோ பாபி", கொண்டுபோங்க அண்ணி என்று பையைக்கூட எடுத்துவிட்டார். போனில் கேட்டால், அது முழங்கை நீளம் வளரும், செடியைப் பெயர்த்துப் போட்டுவிடும் என்று அந்தப் பெண் கத்துகிறாள். மாட்டுங்காவில் இன்னொரு கடை. அங்கே கறுப்பு உடம்பும் சிவப்பு வாலுமாக ஒரு மீன், அவ்வளவு அழகு. பெயர் ஷார்க் என்றதும் எனக்குப் பகீரென்றது. பெயர்தான் அப்படி, ஒன்றும் செய்யாது என்றார் கடைக்காரர். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அது பக்கத்து மீனைத் துரத்திக்கொண்டு போகிறது. அதே கடையில் மீசை வைத்த குட்டை மீன்கள், கோரி என்றார்கள். சாதுவாக மணலை மோந்துகொண்டு திரிந்தன. சரி, இதுதான் என்று வாயெடுக்கிறேன், ஒன்று விருட்டென்று மேலே ஓடிப்போய் வந்தது. பின்னாலேயே இன்னொன்று. அடிமீன் என்று சொல்லிவிட்டு மேலே ஓடினால் என் வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? வேண்டாம் என்று வந்துவிட்டேன். அது ஒரு வாய் காற்றுக் குடித்துவிட்டு உடனே கீழே இறங்கிவிடுமாம். எனக்கு அப்போது யார் சொன்னார்கள்?

கடைசியில் செம்பூரில்தான் மனசு நின்றது. ஆரஞ்சும் கறுப்பும் பட்டை பட்டையாக, விரல் நீளத்தில் நெளிகிற மீன். குஹ்லி லோச் என்றார்கள். அடியிலேயே இருக்கும், சண்டை போடாது, செடியைத் தொடாது, தனியாக மட்டும் விடாதீர்கள் என்றார் கடைக்காரர். நாலைந்து வாங்கி, மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

தொட்டியில் விட்டேன். மணலைத் தொட்டன. அவ்வளவுதான், காணோம்!

டார்ச் அடித்துப் பார்த்தேன். இலைகளை விலக்கிப் பார்த்தேன். வெளியே துள்ளி விழுந்துவிட்டதா என்று கேஸ் சிலிண்டருக்குப் பின்னாலும் துழாவினேன். மறுநாளும் கண்ணில் படவில்லை. கடையில் கண்ணெதிரே நெளிந்தது, இங்கே எங்கே போகும்? அங்கே வெறும் கண்ணாடித் தொட்டி, ஒளிய இடமில்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. அத்தனையும் செத்துப்போச்சு என்று வாசலில் நின்று அந்தப் பெண்ணிடம் அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, ஒண்ணும் சாவல. கட்டைக்கு அடியில தலைய நீட்டிக்கிட்டு கெடக்கு பாரு."

திரும்பிப் பார்த்தால், அவர் முகம் தொட்டிப் பக்கம் இருந்தது.

ஓடிவந்து குனிந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "எங்கங்க?" என்றேன். "அங்கன நின்னா தெரியாது. இங்கன வந்து படு."

படுத்தேன். அவர் பக்கத்தில், கன்னத்தைத் தரையில் வைத்து. கட்டைக்கும் மணலுக்கும் நடுவே துளியூண்டு சந்து. அதில் மீசையோடு ஒரு குட்டி முகம். அதற்குப் பின்னால் இன்னொன்று. "நேத்துலேருந்து பாக்கேன், ரெண்டும் இடத்துக்கு அடிச்சிக்கிடுது" என்று அவர் வம்பு பேச ஆரம்பித்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

எழுந்திருக்க மனசில்லாமல் அப்படியே கிடந்தேன். அப்போதுதான் அறையைப் பார்த்தேன். வாசலில் நின்ற பெண்ணின் முகம் எனக்குத் தெரியவில்லை, செருப்பும் கணுக்காலும்தான். அவள் "அங்கிள் எப்படி இருக்காங்க?" என்று கேட்டது எங்கள் தலைக்கு மேலே எங்கேயோ போனது. விழுந்த நாளிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் நின்றுகொண்டு, அவரைப் பற்றி என்னிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். நானும் நின்றுகொண்டே பதில் சொன்னேன். தட்டு வைக்கக் குனிந்தேன், உடனே நிமிர்ந்தேன்.

இப்போது அவர் எழுந்து நடக்கிறார், கார்கானாவுக்கும் போகிறார். அன்றைக்கு எதற்காகத் திரும்பினீர்கள் என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். "கழுத்து வலிச்சுது" என்பார். அது உண்மையா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் படுத்திருக்கிற ஒருவரைப் பார்க்கப் போனால் இப்போதெல்லாம் நான் நின்றுகொண்டு நலம் விசாரிப்பதில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவருக்கு அங்கிருந்து என்ன தெரிகிறது என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன்.