நாரைத்தீவில் மச்சானுக்குச் சோறு

பணி ஓய்வு பெற்றதும் நான் எனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே பொருள் ஒரு தொலைநோக்கி. ஈப்போவில் லாரி உதிரிபாகக் கடையில், கவுண்டருக்குப் பின்னால் நின்றே காலம் கழிந்துவிட்டது. இனியாவது தூரத்தில் இருப்பதைப் பார்ப்போமே என்று ஓர் ஆசை. பத்து காஜா பக்கம், ஈயம் தோண்டிய பெரிய பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து, கோரையும் தாமரையும் மண்டி, நாரைகள் குடியேறிய இடம் ஒன்று இருக்கிறது. இப்போது அதைப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். படகும் விடுகிறார்கள். மாதம் ஒருமுறை அங்கே போகாவிட்டால் எனக்குக் கை கால் ஓடாது. வீட்டில் எனக்குக் 'கொக்குப் பைத்தியம்' என்று பட்டம். கொடுத்தவர் என் அக்கா.

அக்கா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறிய பிறகு மச்சான் ஒரு பள்ளிக்கூடத்தில் காவலுக்கு நிற்கிற ஜாகா வேலை பார்த்தார். இருவருக்கும் பிள்ளை இல்லை. மச்சான் இறந்ததும், தனியாகக் கிடந்து என்ன செய்யப் போகிறாய் என்று சண்டை போட்டு எங்கள் தாமான் குடியிருப்புக்குக் கூட்டிவந்தோம். வந்தார், சமையலறையைக் கைப்பற்றினார். என் மனைவி மனதார விட்டுக்கொடுத்துவிட்டு நாடகம் பார்க்கப் போய்விட்டாள். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, அமாவாசையைத் தவிர.

அமாவாசையன்று அக்கா குளித்து முழுகி, உப்புக்கூட ருசி பார்க்காமல் சமைத்து, இலைத்துண்டில் சோறு வைத்துப் பின்பக்கச் சுவரில் வைப்பார். காக்கை வந்து வாய் வைத்த பிறகுதான் தான் சாப்பிடுவார். மச்சான்தான் காக்கை உருவில் வந்து சாப்பிடுகிறார் என்பது அவர் கணக்கு. எங்கள் தாமானிலோ காக்கை கிடையாது. பாசாரை வேறு இடத்துக்கு மாற்றியபோது காக்கைகளும் கறிகாயோடு சேர்ந்து இடம் மாறிவிட்டன. வருவது மைனாதான். கூட்டமாக வந்து சோற்றை வாரி இறைத்துவிட்டுப் போகும்.

"மைனா தின்னா மச்சானுக்குப் போய்ச் சேராதா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"ஒனக்கு எல்லாமே கேலிதான்லா," என்றார் அக்கா.

கேலியாகத்தான் கேட்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பயம். அக்காவுக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி. காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, பிற்பகல் வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் சுவரோரமாகவே சரிந்து உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. கிளினிக்கில் டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார். மாத்திரை போட்டால் வேளைக்குச் சாப்பிட வேண்டும், இன்னொரு தடவை இப்படி ஆனால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது என்றார். அக்கா அவரைப் பார்த்துத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும், "அவருக்குப் போடாம நான் எப்பிடிடா திங்கிறது?" என்றார்.

அப்படி இருக்கும்போதுதான் ஆடி அமாவாசை வந்தது. முன்னோர்களுக்குப் பெரிய நாள். அக்கா விடிவதற்குள் சமைத்து முடித்துவிட்டுக் காக்கை இல்லாத வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். எனக்கு எரிச்சல் பொங்கிவிட்டது. "சோத்தைக் கட்டு, காக்கா இருக்கிற எடத்துக்குப் போலாம்," என்றேன். டிபன் கேரியரோடு அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு பூங்காவுக்கு விட்டேன்.

படகோட்டியும் தோட்டத்துப் பையன்தான். பையன் என்கிறேனே தவிர, அவன் மூத்த மகள் தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். படகுத்துறைச் சாப்பாட்டுக் கடையருகே, மேசைகளில் மிஞ்சிய மீ நூடுல்ஸைக் கொத்திக்கொண்டு நிறையக் காக்கைகள் இருந்தன. இங்கேயே வைத்துவிடலாம் என்றேன்.

"எச்சி மீ தின்னுட்டு நிக்கிற காக்காய்க்கா?" என்று அக்கா முகத்தைச் சுளித்தார்.

சரியென்று படகில் ஏறினோம். அக்காவுக்கு அதுதான் முதல் படகு. சுமத்ராவில் காடு எரிகிற புகைமூட்டக் காலம். எதிரே இருக்க வேண்டிய மலைகளைக் காணோம். தண்ணீர் வற்றி, கரையெல்லாம் சேறு தெரிந்தது. அக்கா ஒரு கையால் கேரியரையும் மறு கையால் என் சட்டையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏரியின் நடுவே ஒரு தீவு உண்டு. நாரைகள் அடைகிற மரங்கள் அங்கேதான். அதை ஒட்டித் தண்ணீருக்குள் ஒரு பட்டமரம். நான் பாம்புத்தாரா ஒன்று இறக்கையை விரித்துக் காய வைத்திருப்பதைக் கண்டுபிடித்து, "அங்க பாரு, அங்க பாரு" என்று குதித்துக்கொண்டிருந்தேன். அக்கா பார்த்தது பட்டமரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு காக்கையை. அது தலையை ஒருபக்கமாகச் சாய்த்து எங்களைப் பார்த்தது.

மச்சானுக்கு ஒரு காது கேட்காது. யார் பேசினாலும் தலையை அப்படித்தான் சாய்ப்பார்.

"அவரேதான்," என்றார் அக்கா.

எல்லாக் காக்கையும் அப்படித்தான் தலையைச் சாய்க்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, மூடிக்கொண்டேன். இலையைப் படகின் முனையில் வைத்ததும் காக்கை இறங்கி வந்தது. முதலில் வடையைத்தான் எடுத்தது. மச்சானும் அப்படித்தானாம். அக்கா அழுதார், சிரித்தார், பிறகு அந்த ஆடுகிற படகிலேயே தட்டில் சோறு போட்டு வயிறாரச் சாப்பிட்டார். மணி பத்துகூட ஆகவில்லை. எனக்கு மலையைத் தூக்கிக் கீழே வைத்தது போல இருந்தது.

அன்றிலிருந்து அமாவாசை என்றால் ஏரி. கடை முதலாளியிடம் ஒருநாளும் காக்காய் பிடிக்கத் தெரியாத எனக்கு, வயதான காலத்தில் இந்த வேலை வாய்த்தது என்று மனைவி சிரித்தாள்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது. இதற்கு முன் நான் தனியாகப் போவேன், பார்ப்பேன், திரும்புவேன். இப்போது கூட ஓர் ஆள். புரட்டாசியில் புகை கலைந்தது. வடக்கேயிருந்து பஞ்சுருட்டான்கள் வந்து காய்ந்த கிளைகளில் வரிசையாக உட்கார்ந்தன. பச்சை உடம்பு, நீல வால். அக்கா தொலைநோக்கியை வாங்கித் திருப்பிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலையே" என்றார். சரியாகப் பிடித்துக் கொடுத்ததும் வெகுநேரம் தரவில்லை. தாமரை இலைமேல் நடக்கிற நீலக்கோழியைப் பார்த்து, "இதுக்குச் செவப்புக் காலு, எவ்ளோ மினுக்குது பாரு" என்றார். நாரைகளில் செந்நாரைதான் அவருக்குப் பிடித்தது. கழுத்தை வளைத்து அசையாமல் நிற்பதைப் பார்த்து, "பெரிய கிராணி மாதிரி நிக்கிது," என்றார். கிராணி என்றால் தோட்டத்தில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிறவர்.

ஐப்பசியில் தீபாவளிக்கு மறுநாள் அமாவாசை. விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. துறையில் கொட்டகைக்குள் காத்திருந்தோம். மழை விடுவதாக இல்லை. ஒன்பது, பத்து என்று நேரம் போனது. அக்காவின் விரல்கள் லேசாக நடுங்கத் தொடங்கின. "இங்கேயே கடைக் காக்காய்க்கு வெச்சிடு அக்கா," என்று கெஞ்சினேன். கேட்கிற ஆளா? படகோட்டி அக்காவின் கையைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான்.

"மழையில போட் எடுக்கக் கூடாது அண்ணே. இருந்தாலும் பரவால்ல, போயிட்டு வந்துரலாம். எங்க வீட்லயும் அம்மா இப்பிடித்தான்," என்றான்.

மழை சற்றே தூறலானதும் குடையோடு போனோம். பட்டமரத்தில் இப்போது காக்கை ஒன்றல்ல, ஐந்தாறு. எல்லாம் நனைந்து குறுகி எங்களுக்காகவே காத்திருந்தன. அக்காவுக்குச் சந்தோஷம். "சொந்தக்காரவங்கள எல்லாம் கூட்டிட்டு வந்திருக்காரு," என்றார். அன்று படகோட்டி காக்கைகளை எண்ணுவது போலப் பார்த்துவிட்டு இயந்திரத்தைத் திருகினான்.

மார்கழியில் ஏரி தளும்பியது. நாரைகள் சுள்ளி பொறுக்கத் தொடங்கின. ஒரு குச்சியை வாயில் கவ்விக்கொண்டு இறங்க இடம் தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பறக்கிறதைப் பார்த்து அக்கா உருகிப்போனார். "வீடு கட்டுறது லேசா?" என்றார். படகோட்டி அந்த முறைதான் வாயைத் திறந்தான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நம்ம போட் சத்தம் கேட்டாலே இப்ப காக்கா தீவுக்கு வந்துருது. மத்த நாளும் இங்கயே சுத்துது. முன்ன எல்லாம் இவ்ளோ இல்ல. முட்டை வைக்கிற நேரம் வருது, அதான் சொல்றேன்."

"அது என்ன செய்யும்? சோறு தின்னுட்டுப் போவப்போவுது," என்றார் அக்கா.

அவன் படகைத் துறைப்பக்கம் திருப்பினான். செத்தவருக்குப் படைக்கிற சோற்றைப் பற்றி எப்படிப் பேசுவது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அக்கா வேளைக்குச் சாப்பிடுகிறார், அது போதும் என்று இருந்துவிட்டேன்.

தை அமாவாசை வந்தது. வெயில் கண்ணாடி போல இருந்தது. மலைகள் இவ்வளவு கிட்டத்தில் இருக்கின்றனவா என்று தோன்றியது. அக்கா வழக்கத்தைவிட அதிகமாகச் சமைத்திருந்தார்: சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், வடை. இந்த முறை காக்கைகள் துறையிலிருந்தே எங்கள் கூடவே பறந்து வந்தன. தலைக்கு மேலே ஒரே கரைச்சல். தீவில் கூடு கூடாக நாரைகள் உட்கார்ந்திருந்தன. எங்கள் தலைக்குமேல் வந்த காக்கைகளைக் கண்டதும் கழுத்தை நீட்டிக் கரகரவென்று கத்தின.

படகு பட்டமரத்தருகே நின்றது. அக்கா இலையை விரித்துச் சோற்றை வைக்கக் குனிந்தார். அப்போது தாழ்வான கிளையிலிருந்த செந்நாரை ஒன்று, ஒரு காக்கையை விரட்ட எழுந்தது. அது எழுந்த இடத்தில் இன்னொரு காக்கை இறங்கியது. தொலைநோக்கி தேவைப்படவில்லை. அவ்வளவு கிட்டத்தில் நடந்தது. வெளிறிய நீல முட்டை ஒன்றை அலகில் கவ்விக்கொண்டு அது பட்டமரத்துக்கு வந்தது. எங்கள் கண்ணெதிரே உடைத்துத் தின்றது. பிறகு தலையை ஒருபக்கமாகச் சாய்த்து அக்காவைப் பார்த்தது.

நாரை கூட்டுக்குத் திரும்பி வந்தது. காலியான கூட்டைக் குனிந்து பார்த்தபடியே நின்றது.

அக்கா எழுந்து நின்றார். படகு ஆடியது. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க!" என்று கத்தினார். மச்சானை அவர் கூப்பிடுகிற அதே குரல். "அடுத்தவங்க புள்ளையத் திங்கிறீங்களே, வெக்கமா இல்ல? நமக்குத்தான் இல்ல. இருக்கிறவங்களுதுலயுமா வாய் வைப்பீங்க? இதுக்கா நான் சோறு ஆக்கிட்டு வந்து போடுறேன்?"

படகோட்டி தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அழுகை வந்தது. கூடவே பயமும் வந்தது. கோபத்தில் இந்தச் சோற்றை ஏரியில் வீசிவிட்டால், காக்கை சாப்பிடவில்லை என்று இன்று முழுக்கப் பட்டினி கிடப்பார். மாத்திரை போட்டாயிற்று. இனி அமாவாசைதோறும் பட்டினிதான். சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்த அந்த முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

காக்கைகள் படகைச் சுற்றி இறங்கத் தொடங்கின. ஒன்று முனைவரை வந்து இலையை எட்டிப் பார்த்தது. அக்கா இலையை வெடுக்கென்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு ஒங்களுக்குச் சோறு கெடையாது," என்றார். "இந்த எடத்துல இனிமே எப்பவும் கெடையாது. சோறு வேணும்னா வீட்டுக்கு வாங்க. வழி தெரியும்ல?"

உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இலையையே பார்த்தார். பிறகு சாம்பாரை ஊற்றி, மச்சானுக்கு வைத்த சோற்றைப் பிசைந்தார். முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போது கை நின்றது. அக்கா சாப்பிட்டார்.

படகோட்டி ஓசைப்படாமல் படகைத் திருப்பினான். காக்கைகள் சற்று தூரம் தொடர்ந்து வந்தன. சோறு விழவில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாகத் துறைப்பக்கம் பறந்தன. எனக்கும் அவனுக்கும் ஆளுக்கொரு வடையை நீட்டிய அக்கா, இன்னொரு கவளத்தை மென்றபடி ஏதோ யோசித்தார்.

"கல்யாணம் ஆனதுலேருந்து, அவருக்கு முன்னாடி இன்னிக்குத்தான்டா சாப்பிடுறேன்," என்றார். "அவரு தின்னு முடிச்சு, அப்பறம் காக்கா தின்னு முடிச்சு... எப்பவும் ஆறிப்போன சோறுதான்." இலைச் சோற்றுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, முகம் மட்டும் மலர்ந்திருந்தது. "இது இன்னும் சூடா இருக்குடா."

கேரியரின் அடுத்த தட்டைத் திறக்கச் சொன்னார். கரை வந்து சேரும்வரை சாப்பிட்டுக்கொண்டே வந்தார்.