வலிக்குது, பாருங்கோ

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். எழுத்து எனக்குக் கொஞ்சம்தான் வரும். ஆனாலும் இதை நானே எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தையல்காரர் இருந்தார். அவருடைய மூக்கும் கன்னங்களும் நாவற்பழ நிறத்தில் வீங்கி மினுங்கும். கண்கள் சிவந்திருக்கும். மெசின் மிதிக்கும்போதே மூச்சு வாங்கும். குட்டம், குஷ்டரோகம் என்று சனம் கதைத்தது.

நான் சட்டைத்துணி கொண்டுபோன அன்று, முன்னமே துணி கொடுத்திருந்த ஒருத்தி அதைத் திருப்பிக் கேட்டு நின்றாள். தையல்காரர் தன் கொலரில் குத்தியிருந்த குண்டூசியை எடுத்து மூக்கில் குத்தினார். இரத்தம் துளிர்த்தது.

"வலிக்குது, பாருங்கோ அக்கா. குட்டமெண்டால் வலிக்காது."

"வலிக்கிற மூக்கைக் கார்னிவலிலை கொண்டுபோய்க் காட்டுமன்!" துணியைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள்.

அவருடைய மூக்கு முழுக்க ஊசிப் புள்ளிகள் இருந்ததை அப்போதுதான் கண்டேன். யார் யாருக்குக் குத்திக் காட்டினாரோ.

"டொக்டர் என்ன சொன்னவர், அண்ணை?"

"குட்டமில்லையாம், சயரோகமுமில்லையாம். என்ன வருத்தமெண்டு அவருக்கும் தெரியேல்லை, தங்கச்சி. ஒரு பேர் இருந்தாலாவது சனத்துக்குச் சொல்லுவன்."

என் துணியைக் கொடுத்தேன். அழகாகத் தைத்துத் தந்தார். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நிமிர்ந்து நடந்தேன். அப்படியும் ஒருவரும் அவரிடம் திரும்பிப் போகவில்லை. மாரி தொடங்கமுன் மூச்சு முட்டிச் செத்துப்போனார். கடைச் சொந்தக்காரர் மெசினைத் தெருவில் வைத்தார். சும்மா கொண்டுபோகவும் ஆள் வரவில்லை.

என்ரை பேரப்பிள்ளை, இதை எல்லாருக்கும் கேக்க ஒருக்கா வாசி. அந்தாளின்ரை மூக்கு வாற இடத்திலை குரலைக் குறைக்காதை.