பர்ஸ்ட் குரூப்பும் குரூப் ஒன்னும்

முன்னாள் மாணவர் குழு நண்பர்களுக்கு,

1. 1991 ஜூன்: பிளஸ் ஒன் சேர்க்கை அறையில் என் அப்பா ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டு பேசினார். தவறு என்று தெரிந்தும் இரண்டு ஆசிரியர்கள் அதைத் திருத்தவில்லை.

2. அதே நாள்: என்ன படிக்க விருப்பம் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

3. 1993 மே: நான் கணக்கில் தோற்றபோது, "இவனுக்கெல்லாம் யாருய்யா பர்ஸ்ட் குரூப் குடுத்தது?" என்று, அதைக் கொடுத்த கணக்கு ஆசிரியரே கேட்டார்.

4. போன ஞாயிறு: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு வழிகாட்டி முகாம் என்று இந்தக் குழுவில் அறிவித்தீர்கள். தலைமை, அதே கணக்கு ஆசிரியர். "எங்களைக் கைபிடித்து நடத்தியவர்" என்று அவர் படத்தின் கீழே எழுதியிருந்தீர்கள்.

அந்த அறையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வாடைதான். விண்ணப்பத்தில் போட்டோ ஒட்டுவதற்காக மைதாவில் காய்ச்சிய பசை, டப்பாவிலேயே புளித்துப்போன வாடை... இன்றைக்கும் எங்காவது அது மூக்கில் பட்டால் அந்தப் பக்கம் போகாமல் திரும்பிவிடுகிறேன்.

அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். திருமங்கலத்துக்கும் மதுரைக்கும் நாளெல்லாம் போய்வருவார். அன்று இரண்டு நடைக்கு நடுவே, காக்கிச் சட்டையோடும் தோளில் பணப்பையோடும் பள்ளிக்கு வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் கணக்கு ஆசிரியரும் இயற்பியல் ஆசிரியரும். இந்தப் பக்கம் நாற்காலி கிடையாது.

 நான் சான்றிதழ் பைலை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

நான் கேட்க நினைத்தது தேர்ட் குரூப். வரலாறு, பொருளியல், வணிகவியல் உள்ள பிரிவு. வரலாறு எனக்குப் பிடிக்கும். கணக்கு என்றால் பயம். வீட்டில் பலமுறை ஒத்திகை பார்த்திருந்த அந்த ஒரு வரி தொண்டையில் தயாராக இருந்தது.

"வாங்கண்ணே. பையனுக்கு என்ன குரூப் போட?"

"பர்ஸ்ட் குரூப்பு போடுங்க சார். படிச்சு முடிச்சு, குரூப் ஒன்னு எழுதி, டிப்டி கலெக்டரா வந்து எங்க பஸ்ஸையே மறிக்கணும் எம்மவன்."

சொல்லிவிட்டுப் பெருமையாக என்னைப் பார்த்தார்.

பிளஸ் ஒன்னில் கணக்கும் அறிவியலும் உள்ள பிரிவுக்குப் பெயர் பர்ஸ்ட் குரூப். பட்டம் பெற்றபின் அரசுப் பணிக்கு எழுதும் தேர்வுக்குப் பெயர் குரூப் ஒன். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இல்லை. அப்பா ஒன்று மற்றதன் வாசல் என்று நம்பியிருந்தார்.

ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இயற்பியல் ஆசிரியர் சிரித்தார்.

"கலெக்டரானதும் எங்கள மறந்துறாம இருக்கச் சொல்லுங்கண்ணே!"

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். கையெழுத்துப் போட்டார். "நேரமாச்சு, வாரேன் சார்" என்று கும்பிட்டுவிட்டு ஓடினார். நான் ரசீதுக்காகக் கதவோரம் நின்றேன்.

"ஏன்யா, அந்தாளு ரெண்டையும் போட்டுக் கொழப்புறாரு. சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா பய தேர்ட் குரூப்பே போதும்னு அங்க போயிருவான். பர்ஸ்ட் குரூப்புல பி செக்‌ஷனுக்கு இன்னும் எம்புட்டுப் பேரு வேணும் தெரியுமா? செக்‌ஷன் போச்சுன்னா என்னையத்தான் கம்பம் ஸ்கூலுக்குத் தூக்கிப் போடுவாய்ங்க."

இரண்டாவது குரல் கணக்கு ஆசிரியருடையது.

நான் அப்போதாவது பேசியிருக்கலாம். பேசவில்லை. பேசினால், அவர்கள் முன்னால் அப்பாவை முட்டாளாக்கியவன் நானாகிவிடுவேன் என்று பயந்தேன். அவரிடமும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளும் கணக்கு வகுப்பில், கரும்பலகையில் ஆசிரியரின் கை நிற்கும்போதெல்லாம் அடுத்து என் பெயர்தான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அப்பாவோ, பயணிகள் விட்டுப்போன செய்தித்தாள்களில் குரூப் ஒன் அறிவிப்பைத் தேடிக் கிழித்துப் பணப்பைக்குள் வைத்துக்கொண்டு வருவார்.

"இந்தாப்பா, பத்திரமா வையி."

வைத்தேன். ஒவ்வொரு துண்டும் என்னை இன்னும் பயமுறுத்தியது.

கணக்கில் தோற்ற வாரம், பஸ்ஸில் யாரோ ஒரு பயணி அவருக்கு விளக்கியிருக்கிறார். குரூப் ஒன்னுக்கு எந்தப் பட்டமும் போதும், வரலாறு படித்தவர்களுக்கு அது இன்னும் தோது என்று. அதாவது அப்பா கேட்டதும் நான் விரும்பியதும் ஒரே சாலை. அதைச் சொல்ல அந்த அறையில் ஒரே ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அந்த வாத்தியாரு சிரிச்சாரேப்பா... அவுகளுக்குத் தெரியும்ல?"

"இல்லப்பா. அவங்களுக்கும் தெரியாது."

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அந்த ஒன்றை மட்டும் இன்றுவரை திரும்பப் பெறவில்லை.

அக்டோபரில் மீண்டும் எழுதிக் கணக்கைத் தாண்டினேன். பிறகு வரலாறு படித்தேன். இப்போது ஒரு கல்லூரியில் அதையே கற்பிக்கிறேன். குரூப் ஒன்னும் எழுதினேன். நேர்முகத் தேர்வு வரை போய்த் திரும்பினேன். இன்று பிள்ளைகளின் கையில் போன் இருக்கிறது. எல்லாத் தகவலும் அதில் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு ஜூனிலும் என் மேசைக்கு எதிரே ஒரு தகப்பன் பேச, பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் காண்கிறேன். நான் முதலில் பிள்ளைக்கு நாற்காலி போடுகிறேன்.

இந்தக் கடிதம் எழுதுகிறேன் என்று கேள்விப்பட்டு, நேற்று குழுவின் செயலாளர் போன் செய்தார். "மாப்ள, பழசெல்லாம் எதுக்குடா கெளறுற? அவருக்கு வயசாயிருச்சுடா."

எங்கள் அப்பாவுக்கும் வயதானது. பணப்பையைத் துடைத்து ஆணியில் மாட்டிய நாள்வரை, அந்த ஆசிரியர் பஸ்ஸில் ஏறினால் எழுந்து நின்று இடம் பிடித்துக் கொடுத்தார்.

ஆகவே கேட்கிறேன். முகாமில் எந்தப் பிரிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பெற்றோர் கையில் அச்சிட்டுக் கொடுப்பீர்களா? பிள்ளையிடம் முதலில் கேட்பீர்களா? தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்பதற்குத் தலைமை தாங்குபவரின் பதில் என்ன?

வரும் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள், அவர் கையெழுத்துடன், எழுத்துமூலமாக வேண்டும். போனில் வேண்டாம். வந்ததும் அப்பாவுக்கு நான் படித்துக் காட்ட வேண்டும். எண்பது வயதில் அவருக்குக் கண் தெரிவதில்லை, காது நன்றாகவே கேட்கிறது.