வாள்வீரனின் ரசிகர்கள்

எங்கள் வாகட் ஃபிளாட்டில் என் கணவர் பழைய வாள்சண்டைப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். வாள்கள் மோதும் ஓசையில் எனக்கு நான் வளர்ந்த கட்கி குவார்ட்டர்ஸ் நினைவு வந்தது.

அங்கே அப்பா ஞாயிறுதோறும் வாடகை வீசிஆரில் இதே மாதிரிப் படம் போடுவார். அபலைப் பெண்ணுக்காக வீரன் வாளை உருவினால், பனியனோடு எழுந்து நின்று கைதட்டுவார். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காவை அவள் புருஷன் அடிக்கும் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது.

"போய்த் தடுங்கப்பா" என்றேன்.

"அது அவங்க வீட்டு மாம்லா, நம்ம விஷயமில்ல. சுப்சாப் வாயை மூடிட்டு உக்காரு" என்று டிவி சத்தத்தைக் கூட்டினார். திரையில் நீதி வென்றது. மறுநாள் அக்கா வீங்கிய முகத்தோடு குழாயடிக்கு வந்தபோது, அந்த மாவீரர் செய்தித்தாளைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டார்.

இப்போது திடீரென்று எங்கள் ஃபிளாட்டின் மேல்மாடியில் ஒரு பெண் அலறினாள். கணவர் சத்தத்தைக் கூட்ட ரிமோட்டைத் தேடினார். அதை நான் எடுத்து டிவியை அணைத்தேன்.

"வாளெல்லாம் வேண்டாங்க. செருப்பை மாட்டிக்கிட்டு வாங்க, மேல போகலாம்."